மரம் நமக்காகச் சுரப்பதில்லை

“மனிதனுக்கு வரும் ஒவ்வொரு நோய்க்கும் இயற்கை ஒரு மூலிகையைப் படைத்து வைத்திருக்கிறது.” இந்த வாக்கியத்தைக் கேளாமல் இங்கே ஒரு வாரம் கழிவதில்லை. கோயில் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்கிறார். துக்க வீட்டில் சொல்கிறார்கள். விடிந்ததும் புலனத்தில் வந்து விழும் வாழ்த்துப் படங்களில் எழுதியிருக்கிறது. தமிழ்ப்பள்ளி மூலிகைத் தோட்டத்துப் பலகைகளில் அழகான வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். இதன் கூடவே வரும் இரண்டாவது வாக்கியம்: “இயற்கையானது, அதனால் பக்கவிளைவு கிடையாது.” சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர், நம்மேல் அக்கறை உள்ளவர்கள்தாம். ஆனாலும் இரண்டு வாக்கியங்களும் தவறு. 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அந்த அளவு இன்னும் அதிகம். இப்படிப்பட்ட சமூகத்தில் இந்த இரண்டு வாக்கியங்களும் உயிருக்கே உலை வைக்கின்றன. அதனால்தான் மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

செடியும் மரமும் பூஞ்சையும் பாக்டீரியாவும் மருந்துச் சத்துகளைச் செய்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நவீன மருந்துகளில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்தது. அவை யாருக்காகச் செய்கின்றன என்பதில்தான் வழக்கு. தமக்காகச் செய்கின்றன. ஓட முடியாத செடி, தன்னைத் தின்ன வரும் புழுவையும் அழுகவைக்கும் பூஞ்சையையும் வேரருகே போட்டிக்கு முளைக்கும் அண்டைச் செடியையும் இரசாயனத்தால் எதிர்கொள்கிறது. மகரந்தம் சுமக்கும் வண்டை அழைப்பதற்கும் அதுதான் கருவி. மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் போர் தொடங்கிவிட்டது. நடுவில் வந்த நாம், அந்த ஆயுதங்களில் சிலவற்றை எடுத்து, அளவு பார்த்து, நம் உடம்புக்குப் பயன்படுத்திக்கொண்டோம்.

இதற்குச் சாட்சி தேடி அமேசான் காட்டுக்குப் போக வேண்டாம். ஈப்போ இரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பூங்காவில் ஓர் ஈப்போ மரம் நிற்கிறது. இந்த நகரத்துக்குப் பெயர் கொடுத்தது அந்த இனத்து மரம்தான். பலாவும் அத்தியும் அதற்கு உறவு. பட்டையைக் கீறினால் பால் வடியும். அந்தப் பாலை நெருப்பில் வற்றவைத்து, ஊதுகுழல் அம்பின் நுனியில் பூசி, மரத்து உச்சியில் இருக்கும் குரங்கை வீழ்த்துவது பேரா மாநிலத்து ஓராங் அஸ்லிப் பழங்குடி மக்களின் பழைய வேட்டை முறை. பாலில் இருப்பது அன்டியாரின் என்னும் சத்து. நம் உயிரணு ஒவ்வொன்றிலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பு ஒன்று ஓயாமல் இயங்குகிறது. அன்டியாரின் அந்தப் பம்பில் ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடுகிறது. இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோகிறது.

இதே பம்பில் போய் ஒட்டும் இன்னொரு சத்து டிஜாக்சின். இதயம் பலவீனமானவர்களுக்கு மருத்துவமனையில் கொடுக்கும் மாத்திரை அது. வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1785இல் டிஜிட்டாலிஸ் இலையை நீர்க்கோவை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அனுபவத்தை நூலாக எழுதினார். அந்த இனத்துச் செடியிலிருந்து பிற்காலத்தில் பிரித்தெடுத்ததே டிஜாக்சின். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் அது 2 நானோகிராமைத் தாண்டினால் நஞ்சாகும் அபாயம். நானோகிராம் என்பது ஒரு கிராமை நூறு கோடி பங்காகப் பிரித்ததில் ஒரு பங்கு. கோயிலில் பூப்பறிக்கும் அரளியிலும் பிள்ளையாருக்குச் சாத்தும் எருக்கிலும் இதே வகைச் சத்துகள் உண்டு. இலங்கையில் மஞ்சள் அரளி விதையால் வந்த சாவுகள் மருத்துவர்களைப் பல ஆண்டுகள் திணறடித்தன. வேட்டைக்காரன் அம்பில் பூசியதும் இதய மருத்துவர் சீட்டில் எழுதுவதும் ஒரே பூட்டுக்குச் செய்த சாவிகள். சாவி செய்தது மனிதனைக் குணப்படுத்த என்றால், ஈப்போ மரத்துக்கு யார் மேல் கருணை?

மரத்தின் நோக்கம் யார்மேல் என்பதை வண்ணத்துப்பூச்சி சொல்லும். எருக்கை மேய்ந்து வளரும் வண்ணத்துப்பூச்சி இனங்களில் அந்தச் சோடியம் பம்பின் அமைப்பே சற்று மாறியிருக்கிறது. நஞ்சு அதில் சரியாக ஒட்டுவதில்லை. அந்த நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துவைத்து, தன்னைக் கொத்தும் பறவையை வாந்தியெடுக்க வைக்கும் இனங்களும் உண்டு. 2019இல் அதே மாற்றங்களைப் பழ ஈயின் மரபணுவில் செய்து பார்த்தார்கள். ஈயும் நஞ்சைத் தாங்கியது. பூச்சிக்கும் செடிக்கும் நடக்கும் வழக்கு இது. இதில் மனிதன் கட்சிக்காரனே அல்லன்.

பேரா மாநிலத்துத் தமிழன் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லை. மூன்று தலைமுறையாக உளியைப் பிடித்த கை அவனுடையது. 1877இல் ஒன்பது ரப்பர் கன்றுகளை ஆங்கிலேய அதிகாரி ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அவற்றில் மிஞ்சிய மரம் ஒன்று மாவட்ட அலுவலகத்தருகே இன்றும் நிற்கிறது. அங்கிருந்து தொடங்கிய தோட்டங்களில் நம் பாட்டன்மார் பெரட்டுக்கு எழுந்து, இருட்டோடு தீம்பாருக்குள் நுழைந்து, பட்டையைச் சீவி, மங்கு வைத்துப் பால் எடுத்தார்கள். ஏன் விடியுமுன்? வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குளிர்ந்த நேரத்தில் பட்டைக்குள் அழுத்தம் அதிகம். அதனால் பால் பீறிட்டு ஓடும்.

ஆனால் அந்தப் பால் என்ன? மரத்தின் காயத்துக்கு மரமே போட்டுக்கொள்ளும் கட்டு அது. பட்டையைத் துளைக்கும் பூச்சியின் வாயை ஒட்டவைத்து அடைப்பதற்கும், திறந்த புண்ணை மூடுவதற்கும் உள்ளது. பாலுக்குள் லூட்டாய்டு எனப்படும் நுண்ணிய பைகள் மிதக்கின்றன. காயம் பட்டதும் அவை உடைந்து ஹெவீன் என்னும் புரதத்தை வெளியே விடுகின்றன. ஹெவீன் ரப்பர்த் துகள்களை ஒன்றோடொன்று பிணைத்து ஓட்டத்தை அடைக்கிறது. பூஞ்சையின் சுவரில் உள்ள கைட்டினைப் பிடித்து அதன் வளர்ச்சியையும் தடுக்கிறது. வெட்டிய இடத்தில் காலை பத்து மணிக்குள் ஒட்டுப்பால் கட்டுவது அதனால்தான். தோட்டத்தில் பட்டையில் பூசிய எத்தெபான் மருந்து இந்த அடைப்பைத் தாமதப்படுத்தும். மரம் தன் புண்ணை மூட முயல, நாம் மூடவிடாமல் செய்து வாளியை நிரப்பினோம். வரம்பு மீறி வெட்டிய மரங்கள் பட்டை வறண்டு பால் தராமல் போனதையும் நம்மவர்கள் கண்டார்கள். ரப்பர் மரம் உலகத்துக்குச் சக்கரம் கொடுக்கப் பால் சுரந்தது என்று தோட்டத்தில் ஒருவரும் சொன்னதில்லை. மூலிகைச் செடி விஷயத்தில் மட்டும் அப்படிச் சொல்ல நமக்கு எப்படி மனம் வருகிறது?

ஹெவீனின் கதை அத்தோடு முடியவில்லை. 1980களில் எய்ட்ஸ் அச்சத்தால் உலகெங்கும் மருத்துவமனைகள் ரப்பர் கையுறையை அள்ளி அள்ளி வாங்கின. மலேசியா அந்தத் தொழிலில் முதலிடத்துக்கு வந்தது. அதே ஆண்டுகளில் தாதியரும் அறுவை மருத்துவரும் தோல் தடித்து, மூச்சுத் திணறி அவதிப்படத் தொடங்கினார்கள். கையுறையில் மிஞ்சியிருந்த புரதங்களில் முக்கியக் குற்றவாளியாகப் பிடிபட்டது ஹெவீன். அந்த ஒவ்வாமை உள்ளவர்களில் பலருக்கு வாழைப்பழமும் ஆகாது. அதிலும் ஹெவீனை ஒத்த புரதம் உண்டு. பூஞ்சையோடு போராட மரம் செய்த ஒரு பொருள் நோயாளியைக் காக்கும் கையுறைக்குள் புகுந்து தாதியின் மூச்சை அடைத்தது. மரத்துக்கு நம்மைக் காக்கும் எண்ணமும் இல்லை, கெடுக்கும் எண்ணமும் இல்லை.

தோட்டத்துப் பிள்ளைகள் தரையில் உரசிச் சூடேற்றி அடுத்தவன் காலில் வைத்து விளையாடிய ரப்பர் கொட்டை இருக்கிறதே, அதிலும் இலையிலும் சயனைடைப் பூட்டிவைத்த சத்து ஒன்று உண்டு. கடித்து மென்றால்தான் பூட்டு திறக்கும். மரவள்ளியிலும் இருப்பது அதே சத்து.

இனி அகில் மரத்தைப் பாருங்கள். மலாய்க்காரர் கஹாரு என்கிறார்கள். கோப்பெங் பக்கம் தோட்டமே போட்டு வளர்க்கிறார்கள். தமிழகம் பண்டைக் காலம் முதல் புகைத்த அகில் இந்த இனத்து மரங்களிலிருந்து வந்தது. ஆரோக்கியமான அகில் மரத்தில் அகில் கிடையாது. வெளுத்த, மணமில்லாத, இலேசான கட்டைதான் இருக்கும். இடி விழுந்தோ, புழு துளைத்தோ, பூஞ்சை பற்றியோ மரம் புண்பட்டால்தான் அந்த இடத்தில் கருத்த பிசின் ஊறுகிறது. அதனால் வளர்ப்பவர்கள் மரத்தில் ஆணி அடிக்கிறார்கள், துளையிட்டுப் பூஞ்சையை ஏற்றுகிறார்கள். ‘நமக்காகப் படைத்தது’ என்ற கொள்கைக்கு இங்கே பதில் இல்லை. நமக்காகவே படைத்திருந்தால் நல்ல மரத்தில் ஏன் இல்லை? பகைக்காகச் செய்தது என்று ஒப்புக்கொண்ட மறுகணமே எல்லாம் விளங்கிவிடுகிறது.

“சரி ஐயா, நமக்காக இல்லையென்றால் நம் உடம்பில் எப்படி இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, இதைக் கேட்பவரை நான் மதிக்கிறேன். உயிர்கள் அனைத்தும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை. புழுவின் நரம்பும் நம் நரம்பும், பூஞ்சையின் உயிரணுவும் நம் உயிரணுவும் பல பழைய கருவிகளைப் பொதுவில் வைத்திருக்கின்றன. புழுவைக் குறிவைத்த நஞ்சு நம்மிடத்திலும் அதே கருவியைத் தாக்குகிறது. ஒன்றில் அது சாவாகிறது. ஒன்றில், சரியான அளவில், மருந்தாகிறது. பொருந்தாதவற்றின் கணக்கையும் பார்க்க வேண்டும். தாவரங்கள் செய்யும் இப்படிப்பட்ட சத்துகளில் இதுவரை அடையாளம் கண்டவை இரண்டு இலட்சத்துக்கும் மேல். அவற்றில் மருந்தானவை மிகச் சொற்பம். பொருந்திய சிலவற்றை மட்டும் மேடையில் ஏற்றி, பொருந்தாத இலட்சங்களை மறைத்துவிட்டு ‘எல்லாம் நமக்காக’ என்பது கணக்கே அல்ல.

ஒரே குடும்பத்துப் பூஞ்சை இரண்டின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டும். அமெரிக்கா 1987இல் லோவாஸ்டாட்டின் என்னும் கொழுப்புக் குறைப்பு மருந்துக்கு அனுமதி கொடுத்தது. ஆஸ்பெர்ஜில்லஸ் டெர்ரியஸ் என்ற பூஞ்சையிலிருந்து எடுத்தது. இன்று நம் அரசாங்கக் கிளினிக்கில் இரவில் போடச் சொல்லும் சிம்வாஸ்டாட்டின் அதன் நேர் வாரிசு. இந்த வகை மருந்தை முதலில் கண்டவர் ஜப்பானியர் அகிரா எண்டோ. அவர் தேடிய காரணத்தைக் கவனியுங்கள்: மற்ற நுண்ணுயிர்கள் தம் சவ்வுக்கு வேண்டிய கொழுப்பைச் செய்யவிடாமல் தடுத்து அவற்றை வெல்லும் பூஞ்சை ஏதேனும் இருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1970களில் அரிசியில் வளர்ந்த ஒரு பெனிசிலியத்தில் அதைக் கண்டார். பூஞ்சையின் பகையைப் புரிந்துகொண்டவருக்கே மருந்து கிடைத்தது.

லோவாஸ்டாட்டினுக்கு அனுமதி கிடைத்த அடுத்த ஆண்டு, 1988 அக்டோபரில், பேரா மாநிலத்தில் 13 சீனக் குழந்தைகள் கல்லீரல் கெட்டு மூளை பாதித்து இறந்தார்கள். கம்பாரில் உள்ள ஒரு சிறு ஆலையில் செய்த லோ ஷீ பன் என்னும் அரிசி மீயைத் தின்றவர்கள். வாந்தி, காய்ச்சல், வலிப்பு, நினைவிழப்பு. எல்லாம் விரைவில் முடிந்துவிட்டது. உடற்கூறு ஆய்வில் அஃப்ளாடாக்சின் உறுதியானது. அதைச் செய்வது ஆஸ்பெர்ஜில்லஸ் இனத்துப் பூஞ்சைதான். லோவாஸ்டாட்டின் செய்ததன் உடன்பிறப்பு. உணவுக்குப் போட்டியாக வரும் பூச்சிகளை விரட்டவே அஃப்ளாடாக்சின் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். முழுக்க முழுக்க இயற்கையான பொருள். அந்தக் குழந்தைகளைப் பெற்றவர்கள் முன்னால் நின்று ‘இயற்கை என்றால் தீங்கில்லை’ என்று யாராலாவது சொல்ல முடியுமா?

அடுத்த வாதம் சித்தர்களைக் கொண்டுவந்து நிறுத்தும். “நம் முன்னோருக்கு எல்லாம் தெரியும்” என்பார்கள். முன்னோரை நான் இவர்களைவிட அதிகமாக மதிக்கிறேன் என்று துணிந்து சொல்வேன். சித்த மருத்துவத்தில் எட்டி, நாபி, சேங்கொட்டை எதையும் அப்படியே கொடுப்பதில்லை. சுத்தி செய்ய வேண்டும். ஊறவைக்க வேண்டும், வேகவைக்க வேண்டும், தோலை நீக்க வேண்டும். அதன்பிறகும் அளவு, அனுபானம், பத்தியம் என்று கட்டுக்காவல். சுத்தி என்ற முறையே, செடியில் நஞ்சு இருக்கிறது என்று அறிந்தவர்கள் வகுத்தது. அந்த வைத்தியன் ‘இயற்கைதானே, குடி’ என்று எவரிடமும் சொல்லியிருக்க மாட்டான். கசப்பு என்றால் நல்லது என்று இன்று சொல்லப் பழகிவிட்டோம். நாக்கில் கசப்பை அறிய மட்டும் சுமார் 25 வகை உணரிகள் நமக்கு உள்ளன. செடியின் நஞ்சைக் கண்டுபிடித்துத் துப்புவதற்காகவே பரிணாமம் அவற்றைக் கொடுத்தது.

முன்னோர் அறிந்ததற்கும் ஓர் எல்லை உண்டு. அதை ஒப்புக்கொள்வதில் அவமானம் இல்லை. வீட்டு வாசலிலும் கல்லறையோரத்திலும் பூக்கும் நித்தியகல்யாணியை உலகின் பல பகுதிகளில் சர்க்கரை நோய்க்குக் குடித்தார்கள். ஜமைக்காவிலிருந்து வந்த இலையைக் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை. எலிகளின் வெள்ளை அணுக்கள் சரிந்தன. அங்கிருந்து 1958இல் வின்பிளாஸ்டின் வந்தது, பின்னால் வின்கிறிஸ்டின் வந்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு இன்றும் கொடுப்பது வின்கிறிஸ்டின்தான். செடி அதை யாருக்காகச் செய்தது? அதன் ஒரு பாதியான கேத்தரன்தைன் இலையின் மேற்பரப்பு மெழுகில் காவல் நிற்கிறது. பூச்சிக்கும் பூஞ்சைக்கும் அது நஞ்சு. மறு பாதியான விண்டோலின் இலையின் உள்ளே தனியாக இருக்கிறது. இரண்டும் இணைந்த வின்பிளாஸ்டின் செடியில் அற்பம்: சுமார் 500 கிலோ காய்ந்த இலைக்கு 1 கிராம். ஆகவே நித்தியகல்யாணிக் கஷாயம் குடிப்பவர் வயிற்றுக்குள் போவது புற்றுநோய் மருந்து என்று நினைக்கக் கூடாது. நூற்றுக்கும் மேற்பட்ட அல்கலாய்டுகள் கலந்த ஒரு நீர்தான் போகிறது.

கீழாநெல்லியையும் பேசியாக வேண்டும், ஏனென்றால் அது நம்மவர்களின் பெருமை. ரப்பர் மரத்தடியில் தானாக முளைக்கும். மஞ்சள் காமாலைக்கு மோரில் அரைத்துக் கொடுப்பார்கள். 1988இல் சென்னையில் தியாகராஜன் குழுவினர் ஹெபடைட்டிஸ் பி கிருமி சுமந்த 37 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று லான்செட் இதழில் வந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியின் இனம் மாறியதா, மண் மாறியதா என்று ஆராய்ந்தார்கள். அது பொருளற்ற கேள்வி அல்ல. இடம் மாறினால் சத்து மாறும். போதை இலையால் வட மாநிலங்களில் வம்பு வளர்க்கும் கெத்தும் மரத்தில், மித்ராகைனின் என்னும் சத்து தாய்லாந்து இலையில் மொத்த அல்கலாய்டில் சுமார் 66 விழுக்காடும் மலேசிய இலையில் சுமார் 12 விழுக்காடும் இருந்ததாக அளந்திருக்கிறார்கள். கடையில் வாங்கிய தூளில் எந்த மண், எந்த மாதம், எந்தப் பூச்சி கடித்த இலை என்று யார் சொல்வார்?

இப்போது முள்சீத்தா. டுரியான் பெலாண்டா இலை கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு வலிமை என்ற செய்தி நம் கைப்பேசிகளில் பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. ஆய்வகக் கிண்ணத்தில் புற்று அணுக்களை அதன் சத்து கொன்றது உண்மை. கிண்ணத்தில் பிளீச்சை ஊற்றினாலும் அவை சாகும். மனிதரிடம் புற்றைக் குணப்படுத்தியதாகக் காட்டிய ஒரு மருத்துவச் சோதனையும் இல்லை. அந்தச் சத்துகள் பூச்சிக்கொல்லிகள். சீத்தா விதையை அரைத்துப் பேன் ஒழித்த நம் பாட்டிமாருக்கு அது தெரியும். உயிரணுவின் ஆற்றல் உலையில் மூச்சை நிறுத்தும் வேலை அவற்றுக்கு. ஆற்றில் மீன் பிடிக்க ஓராங் அஸ்லி மக்கள் இடித்துக் கரைத்த தூபா வேர் தாக்கும் இடமும் அதுவே. கரீபியத்தின் குவாடலூப் தீவில் முள்சீத்தாவை நிறைய உண்பவர்களிடம் பார்க்கின்சனை ஒத்த நரம்பு நோய் அதிகம் என்று 1999இல் லான்செட்டில் எழுதினார்கள். கீமோவைப் பாதியில் விட்டுவிட்டு இந்த இலையைக் கொதிக்கவைத்துக் குடித்த ஒருவரை எங்கள் உறவிலேயே பார்த்தேன். திரும்பவும் மருத்துவமனைக்கு வந்தபோது கட்டி பரவியிருந்தது. அந்தச் செய்தியை அவருக்கு அனுப்பியவர்கள் அவர்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள்.

பக்கவிளைவு இல்லை என்பவர்கள் கோப்பெங்கை அடுத்த உலு கெரோவுக்கு ஒருமுறை போய் வரட்டும். செமாய்ப் பழங்குடி மக்கள் வழிகாட்ட, ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சியைக் காணலாம். கறுப்புச் சிறகில் பச்சை மின்னும், மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சி. அதன் புழு தின்பது அரிஸ்டோலோக்கியா கொடியின் இலை. நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையின் இனம். கொடியின் அமிலத்தைப் புழு உடம்பில் சேர்த்து வைத்துத் தனக்குக் கவசமாக்குகிறது. அதே அமிலம் நமக்கு என்ன செய்யும் என்பதை பிரசெல்ஸ் நகரம் 1990களின் தொடக்கத்தில் கண்டது. உடல் இளைக்கக் கொடுத்த மாத்திரையில் ஒரு சீன மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா கலந்துவிட, நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது. பலருக்குப் பின்னால் சிறுநீர்ப் பாதையில் புற்று வந்தது. தைவானில் 98 கல்லீரல் புற்றுக் கட்டிகளைப் பரிசோதித்து 2017இல் வெளியிட்டார்கள். 78 விழுக்காட்டுக் கட்டிகளின் மரபணுவில் அந்த அமிலத்தின் தழும்பு இருந்தது. இன்று குடித்து இன்றே வாந்தியெடுத்தால் நாம் எச்சரிக்கை ஆவோம். இருபது ஆண்டு கழித்து வரும் புற்றை யார் எந்தக் கஷாயத்தோடு முடிச்சுப் போடுவார்?

மறுகரையில் நிற்பவர்களையும் விட்டுவிட மாட்டேன். மூலிகை என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் இளம் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதித் தரும் மெட்ஃபார்மினின் வேர், ஆட்டுக்கு நஞ்சாகும் கலீகா என்ற ஐரோப்பியச் செடியின் கலீஜின் சத்தில் இருக்கிறது. அதன் வழி வந்த செயற்கை மருந்தை ஜான் ஸ்டெர்ன் 1957இல் நோயாளிகளுக்குக் கொடுத்தார். “இங்கிலீஷ் மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும்” என்று மெட்ஃபார்மினை வீசிவிட்டு மூலிகைக்குப் போகிறவரும், மூலிகையை ஏளனம் செய்து மெட்ஃபார்மின் எழுதுகிறவரும் இந்த உறவை அறியாதவர்கள். அறிவியலிலும் ஒரு காலத்தில் இச்சத்துகளைச் செடியின் கழிவு என்று ஒதுக்கினார்கள். 1888இல் எர்ன்ஸ்ட் ஸ்டால் நத்தைகளை வைத்துச் சோதித்து, இவை செடியின் காவல் என்றார். பெரிதாக யாரும் காதில் வாங்கவில்லை. 1959இல் காட்ஃபிரீட் ஃபிராங்கல் மறுபடி வாதாடிய பிறகே அந்தக் கழிவுக் கொள்கை தளர்ந்தது.

இதெல்லாம் நோயாளியின் கவலையோடு முடிவதில்லை. ‘நமக்காகப் படைத்தது’ என்ற நம்பிக்கை காட்டையும் மலையையும் அழியவிடுகிறது. ஒரு மலை போனால் என்ன, வேறோர் இடத்தில் வேறொரு மூலிகை இருக்கும், படைத்தவன் குறை வைக்கமாட்டான் என்ற நிம்மதியை அது தருகிறது. சரவாக்கில் லுண்டு அருகே 1987இல் பிந்தாங்கோர் மரம் ஒன்றின் மாதிரியை ஆய்வாளர்கள் எடுத்துப்போனார்கள். அதில் எச்ஐவி கிருமியைத் தடுக்கும் கலானோலைட் ஏ என்னும் சத்து இருந்தது. திரும்பிப் போனபோது அந்த மரம் வெட்டப்பட்டிருந்தது. அதே இனத்து வேறு மரங்களில் அச்சத்து சரியாகக் கிடைக்கவில்லை. இனம் இருந்தால் போதும், சத்து இருக்கும் என்பது பொய் என்று அந்த மரம் காட்டிவிட்டது. ஒரு குறிப்பிட்ட மரம், தன் மண்ணில், தன் பகைகளோடு வாழ்ந்து செய்த சத்து அது.

கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதைக்கிறது. செம்மோர் அருகே கந்தான் குன்றைச் சிமெண்டுக்காகப் பல ஆண்டுகளாக வெட்டுகிறார்கள். அந்தக் குன்றை விட்டால் உலகில் வேறெங்கும் காணாத சிலந்தி ஒன்று அங்கே வாழ்கிறது. 2014இல் அங்கே கண்ட நத்தை ஒன்றுக்கு, குன்றை அப்போது வெட்டிய நிறுவனத்தின் பெயரையே ஆய்வாளர்கள் வைத்தார்கள். அதன் அழிவுக்கும் பிழைப்புக்கும் பொறுப்பு யாருடையது என்று உலகம் அறியட்டும் என்றுதான். கொதிக்கும் பாறையில், கைப்பிடி மண்ணில், தமக்கே உரிய பூச்சிகளோடும் பூஞ்சைகளோடும் போராடி நிற்கும் செடிகள் ஒவ்வொரு குன்றிலும் உண்டு. அவற்றின் இரசாயனத்தை முழுமையாக எவரும் ஆராயவில்லை. தொட்டியில் பிடுங்கி நட்டு மூலிகைத் தோட்டம் வைத்தால் காப்பாற்றியதாகாது. பகை இல்லாத இடத்தில் அந்தச் சத்தும் மெலியும். குன்றுகளைக் காப்பதென்றால் புழுவோடும் பூஞ்சையோடும் சேர்த்தே காக்க வேண்டும்.

படிக்கும் உங்களிடம் நேராகக் கேட்டுக்கொள்கிறேன். மெட்ஃபார்மினையோ இதய மாத்திரையையோ கீமோவையோ எவர் பேச்சைக் கேட்டும் நிறுத்தாதீர்கள். கஷாயம் குடிக்கிறீர்கள் என்றால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். எந்த இலை, எவ்வளவு, எத்தனை நாளாக என்று சொல்லுங்கள், பொட்டலத்தையும் எடுத்துப் போங்கள். மருத்துவர் முகம் சுளித்தாலும் சொல்லுங்கள். கடையில் வாங்கும் மருந்துப் பெட்டியில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கி ‘டி’ என்று முடியும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்துகளுக்கு அந்தப் பதிவு 1992 முதல் கட்டாயம். பதிவில்லாத பொட்டலங்களில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்பதைச் சுகாதார அதிகாரிகள் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறார்கள். எண் இல்லாததை வாங்காதீர்கள், வீட்டுப் பெரியவர்களையும் வாங்க விடாதீர்கள்.